செல்லம்மாவின் நகச் சிவப்பும் முதல் பனியும்

செல்லம்மா காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவளுடைய மூத்தார். அவள் கணவரின் அண்ணன். கார்த்திகை மாதக் காலை. நான் கோலமாவுக் கொட்டாங்கச்சியோடு வாசலில் குனிந்திருந்தேன்.

"அம்மிணி, நம்ம செல்லம்மா போயிட்டாளுங்க. நாலு நாள் காய்ச்சல்தானுங்க" என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "கொஞ்சம் வெரசா வாங்க. குளிப்பாட்டறதுல பொம்பளைங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துருக்குது."

என்ன சந்தேகம் என்று எனக்குத் தெரியும்.

இராசிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் அவளை அறியாதவர்கள் இல்லை. நூலுக்குச் சாயம் போடுவதில் அவள் கை நேர்த்தியானது. ஆனால் அவளிடம் வேலை வாங்குகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எதைச் சொன்னாலும் "அது ஏனுங்க?" என்பாள். நான் விளக்கேற்றும்போது பக்கத்தில் நின்று, "திரியை ஏனுங்க்கா ரெண்டா முறுக்கறீங்க?" என்று கேட்டாள். இருபது வருஷமாக விளக்கேற்றுகிறவள் நான். "சாமிக்கு அப்படித்தான் பிடிக்கும்" என்றேன். "சாமி சொல்லுச்சுங்களா?" என்று சிரித்தாள். அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டேதான் திரி முறுக்குகிறேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் புராணப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டவள். ஆகவே அவள் கணவர் கைலி விற்கப் பினாங்கு போனபின், வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொன்னேன். அவற்றில் ஒன்று எனக்கு மனப்பாடம்.

"நம் கடைக்கு எதிரே கொரியா தேசத்து வியாபாரி ஒருவர் ஏதோ ஒரு வேரை மருந்தென்று விற்கிறார். அவர் சம்சாரம் நம் ஊர்க் காசித்தும்பையைத் தொட்டியில் வைத்திருக்கிறாள். பூவையும் இலையையும் படிகாரம் சேர்த்து இடித்து, நகத்தில் வைத்து, ஆமணக்கு இலை சுற்றி நூலால் கட்டுகிறாள். விடிந்தால் நகம் சிவந்திருக்கிறது. முதல் பனி விழும்வரை அந்தச் சிவப்பு நகத்தில் நின்றால், மனதில் நினைத்தவர் வந்து சேருவாராம். நீயும் வைத்துப் பார்."

"பனியின்னா எந்தப் பனிங்க்கா?" என்றாள்.

"பனியில் எத்தனை பனி அம்மிணி? ஐப்பசியில் இலை நனைக்கிற பனிதான்" என்றேன். இந்தத் தப்பு என்னுடையது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். மருதாணி இருக்கும்போது காசித்தும்பை எதற்கு என்றார்கள். செல்லம்மாவுக்கோ சந்தேகம் எல்லாம் படிகாரத்தைப் பற்றித்தான். "நூலுல சாயம் நிக்கறதுக்குப் படிகாரம் போடறமுங்க. நகத்துலயும் அதேதானுங்களா? இல்லீன்னா வெறும் பூவே புடிக்குமா?" பத்து விரலுக்கும் பத்து விதமாக அரைத்து வைத்தாள். படிகாரம் போட்டது, போடாதது, உப்பு, புளி, பூ மட்டும், இலை மட்டும், வெள்ளைப் பூவோடு இலை, இன்னும் என்னென்னவோ. நான் வீட்டுக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் விரலுக்கொரு வரி போட்டுக் குறித்துவைத்தேன். வெறும் இலை வைத்த விரல் சிவந்ததைப் பார்த்து இருவரும் இன்னொரு இலையைப் பறித்துக் கிழித்துப் பார்த்தோம். அவ்வளவு சிவப்பு அந்தப் பச்சைக்குள் எங்கே இருந்தது? நகம் வளர வளரச் சிவப்பு மேலேறியது. நடுவிரலில்தான் முதலில் தீர்ந்தது. சுண்டுவிரலில் ஐப்பசி தாண்டியும் ஒரு கீற்று நின்றது. "நடுவெரல் அவசரக்காரன். சுண்டுவெரல்தான் என்னாட்டம்" என்றாள். கடைசி வரியில் "முதல் பனி" என்று எழுதி, தேதியையும் போட்டேன்.

அந்த வருஷம் அவர் வரவில்லை. அடுத்து யுத்தம் வந்தது. பினாங்கில் ஜப்பான்காரன் புகுந்துவிட்டான் என்றார்கள். கடிதம் நின்றது. செல்லம்மா மட்டும் ஆடி மாதம் தவறாமல் நகத்தில் பூ வைத்தாள். நானும் ஐப்பசி தவறாமல் தேதி எழுதினேன்.

யுத்தம் முடிந்து கப்பல்கள் வந்தன. போன சிலர் திரும்பினார்கள், இவர் திரும்பவில்லை. அப்போதுதான் மூத்தார் கருமாதிப் பேச்சை எடுத்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் எண்ண வேண்டாம். தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் இருக்கிறோமே என்று அவருக்குத் தூக்கமே போயிற்று. ஆனால் அதைச் செய்தால் செல்லம்மாவின் கழுத்தும் நெற்றியும் என்னவாகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தம்பி மனைவி மூத்தாரோடு நேரே பேசுகிற வழக்கமில்லை. அவர் முற்றத்தில் உட்கார்ந்திருக்க, இவள் கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் பேசினாள்.

"அக்கா, அவருகிட்டச் சொல்லுங்க. இந்த வருசத்து மொதப் பனி வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள சேதி வரலீன்னா அவரு சொல்றபடியே ஆவட்டும்."

"எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லுங்க அம்மிணி" என்றார் அவர்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் விடியலில் அவர் அவள் வாசல் பூசணிக்கொடி இலையைத் தடவி, ஈரக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "மழத் தண்ணிங்க்கா அது" என்றாள் செல்லம்மா கதவுக்குப் பின்னால். நாலு நாள் வானம் வெளுத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் கை வைத்த இடமெல்லாம் பனி. அவளும் இலையைத் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலில் சிவப்பு இருந்தது; சேதி இல்லை. பெரியவர்கள் நாள் குறிக்க உட்கார்ந்தார்கள். எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. நோட்டை எடுத்துப் போய்த் தேதியைக் காட்டியவளே நான்தான்.

அன்று தம்மம்பட்டியிலிருந்து சேலை எடுக்க ஒருவர் வந்திருந்தார். பட்டாளத்தோடு சீமைவரை போய் வந்தவர். பேச்சு நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "குளிர் தேசத்துக்காரங்க சொன்ன பனியா? அது இது இல்லீங்களே" என்றார்.

"பின்னே எது?" என்றார் மூத்தார்.

"மானத்துலேர்ந்து பஞ்சு மாதிரி விழும். முழங்கால் வரைக்கும் கெடக்கும். நான் அதுல நடந்திருக்கேன். இங்க இலைமேல இருக்கே, இதுக்குப் போயி அவங்க காத்திருப்பாங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து உடனே குரல் வந்தது. "அக்கா, அந்தப் பனி நம்மூர்ல எப்ப உழுவுமுன்னு கேளுங்க."

வந்தவர் சிரித்துவிட்டார். "இங்கயா? ஏற்காட்டு மலையிலகூட விழாதும்மா."

"அப்பக் கெடு இன்னும் முடியலீன்னு அவருகிட்டச் சொல்லுங்க அக்கா" என்றாள் செல்லம்மா.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூத்தார் தம் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாள் குறிக்காமலே எழுந்தார். நான் வீட்டுக்கு வந்து, வருஷா வருஷம் எழுதிய பனித் தேதிகளை எல்லாம் ஒவ்வொன்றாய் அடித்தேன். கணக்கில் தப்பு என்று தெரிந்தபின் விட்டுவைக்க எனக்கு மனம் ஒப்பாது.

அதன்பின் மூன்று ஆடி மாதங்கள். அவள் கணவர் வரவில்லை, இறந்தார் என்ற சேதியும் வரவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை என்று எழுதினால் பொய். சாயத்தொட்டிப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அடுப்பு அணைந்திருக்கும். ஆனால் மறுநாளே, எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு இன்னும் கெட்டியாகுமா என்று கேட்டுக்கொண்டு வருவாள்.

மூத்தார் வந்து சொன்ன அந்தக் காலையில் நான் போனபோது, அவளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பெண்கள் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். வைக்கலாமா, கூடாதா? எத்தனை வருஷமாகச் சேதியில்லாத மனுஷன்! என்னைக் கண்டதும், படித்தவள் சொல்லட்டும் என்றார்கள். நான் அவள் கையை எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனியில் இந்த வருஷத்துச் சிவப்பு மெல்லியதாய் இருந்தது. ஒருமுறை தெரிந்ததுபோல் அர்த்தம் சொன்னவள் நான். மறுபடி எப்படிச் சொல்வது?

அப்போது வெளியிலிருந்து மூத்தாரின் குரல் கேட்டது.

"நம்மூர்ல இன்னும் பனி உழுவலீங்களே அம்மிணி. வெச்சு உடச் சொல்லுங்க."

நான்தான் வைத்தேன்.

அவளை அறிந்தவர்களே, அவளுடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, தொட்டால் வெடிக்கும் காசித்தும்பைக் காய்களிலிருந்து அவள் சேர்த்து முடிந்துவைத்த விதை. வைகாசியில் போடுவேன், ஆடிக்குப் பூக்கும். எலுமிச்சைச் சோதனை அவள் முடிக்காமல் விட்டது. என் விரலில் வைத்துப் பார்ப்பேன். மற்றது, அந்த நோட்டு. அதில் விரல்கள் பத்துக்கும் வரி இருக்கிறது. "முதல் பனி" என்ற வார்த்தைக்கு எதிரே, அடித்த தேதிகளுக்குக் கீழே, இடம் காலியாக இருக்கிறது. கணக்கில் எதையும் காலியாக விட்டுப் பழக்கமில்லாதவள் நான். அதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.