வலது கைக்கு வேலை வைக்காத குடை

என் வலது மணிக்கட்டுக்குள் ஒரு பிளேட்டும் சில திருகாணிகளும் இருக்கின்றன. குன்னூரில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தபோது, ஐப்பசி மழையில் எஸ்டேட் படி ஒன்றில் வழுக்கிச் சம்பாதித்த சொத்து அது. விழும்போது ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தடுப்பூசிப் பெட்டி. பற்றிக்கொள்ள மூன்றாவது கை இல்லை. பெட்டியைக் காப்பாற்றிக் கையைக் கொடுத்தேன். பெட்டிக்குள் ஒரு புட்டிகூட உடையவில்லை என்பதை இன்றைக்கும் கேட்காதவர்களிடம்கூடச் சொல்வேன்.

எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிய கையோடு கூடலூர் பக்கம் மாற்றல் வந்தது. நாடுகாணிக்குப் பக்கத்தில் சிறிய சுகாதார நிலையம், அதன் பின்னாலேயே எனக்குத் தங்க ஓர் அறை. வாரக் கடைசியில் குன்னூர் வீட்டுக்குப் போவேன். கணவர் கிளென்மார்கன் பக்கம் டென்ட் அடித்துச் சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்கும் ஓரிடத்தில் ஜீப் ஓட்டுகிறார். மாற்றலைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “அங்க மழை வேற மாதிரி இருக்கும் அம்மணி” என்பது. மழையில் என்ன வேற மாதிரி என்று நான் சிரித்தேன். குன்னூர்க்காரிக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது அன்றைக்கு என் நினைப்பு.

ஆனி பிறந்ததும் சிரிப்பு நின்றது. மாதத்துக்கு ஒரு புதன்கிழமை மேல் லைனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டும். லைன் என்பது தொழிலாளர் வீடுகளின் வரிசை. கீழே ரோடு வரைக்கும்தான் வண்டி போகும். அதற்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பெட்டி இடது தோளில் தொங்கும். இடது கை செடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவதற்கு. ஒரு தடவை விழுந்தவளுக்கு அந்தப் பிடி இல்லாமல் கால் நகராது. ஆக, குடை வலது கைக்குத்தான் வந்தது. மேலே போய்ச் சேரும்போது வலது கை உதறிக்கொண்டிருந்தது.

பிள்ளைக் காப்பகத்தின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்தேன். கையைத் தேய்த்தேன். மடியில் வைத்து அமுக்கினேன். ஒன்றும் வேலைக்காகவில்லை. முதலில் வந்தவள் ஓர் இளம் தாய். தலைச்சன் குழந்தை, முதல் தவணை ஊசி. ஊசியில் மருந்தை ஏற்றித் தூக்கினேன், முனை ஆடியது. அவளும் பார்த்துவிட்டாள். இந்தக் கையால் அந்தச் சின்னத் தொடையில் குத்த மாட்டேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஊசியைக் கீழே வைத்தேன்.

“இன்னைக்கு என் கை சரியில்லை கண்ணு. போட முடியாது” என்றேன்.

“பரவாயில்லைங்க நர்சம்மா. வேற நர்சம்மா யாராச்சும் வந்தாக்கூடப் போட்டுக்கலாம்” என்றாள்.

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த ‘வேற நர்சம்மா’ மட்டும் எனக்குள் முள்ளாகத் தைத்தது. அடுத்த வாரம் அவளும் மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக்கொண்டு, அதே மழையில், அதே பாதையில் கீழே இறங்கி வந்தார்கள். பக்கத்து நிலையத்திலிருந்து வந்த செவிலியர் ஊசி போட்டார். நான் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். என் ஒரு கைக்காக எத்தனை பேர் சறுக்கிச் சறுக்கி இறங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

எங்கள் டாக்டர் என்னைவிட வயதில் இளையவர், நல்ல பெண். தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல விவரம் ஏத்தற வேலை ஒண்ணு காலியா இருக்கு. உட்கார்ந்த வேலை. உங்க கைக்கு நல்லது.”

“எனக்குக் கால் நல்லாத்தானே இருக்குங்க மேடம்” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அடுத்த மாசம் மேல் லைன் போயிட்டு வாங்க. அப்பவும் கை நடுங்குச்சுன்னா எழுதி அனுப்பிடறேன்” என்றார். நியாயமான பேச்சு. நடுங்கும் கையை வைத்துக்கொண்டு நான் எப்படி வழக்காட முடியும்? அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு மாதம் இருந்தது.

குடையே இல்லாமல் ஏறிப் பார்த்தேன். நனைந்த விரல் குளிரில் நடுங்கியது. ரெயின்கோட் போட்டுப் பார்த்தேன். செடியைப் பிடிக்கக் கையை நீட்டும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே வழிந்தது. பெட்டி வேறு தனியாக நனைந்தது. கடையில் கிடைத்த இறகு போன்ற மூன்று மடிப்புக் குடை முதல் காற்றிலேயே கிண்ணமாகிவிட்டது. கூட ஓர் ஆளைக் குடை பிடிக்க அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். எனக்குக் குடை பிடிக்க ஓர் ஆளா? நான் என்ன மந்திரியா?

சந்தையில் இல்லையென்றால் செய்துவிட்டால் போச்சு. அந்தச் சனிக்கிழமை வீட்டு வராந்தாவில் பழைய குடைகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். கனம் இருக்கக் கூடாது. கை பிடிக்கக் கூடாது. லைன் வீட்டு வாசலில் குனிந்து நுழையும் முன் இடது கையால் ஒரே இழுப்பில் மடங்க வேண்டும். கணவர் எட்டிப் பார்த்தார்.

“ஏன் அம்மணி, குடைக் கடை வெக்கப் போறியா?”

“ஏனுங்க, உங்க டென்ட் காத்துல கிழிஞ்சா அதை என்னங்க செய்வீங்க?”

“கொட்டாய்க்குப் பின்னால போட்டு வெப்போம்.”

“அதைக் கொண்டாங்க.”

கொண்டுவந்தார். டென்டின் கம்பியைக் கையில் எடுத்ததுமே எனக்குப் பாதிக் குடை தெரிந்துவிட்டது. உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் மெல்லிய குழாய்த் துண்டுகள். இழுத்தால் துண்டுகள் பிரிந்து மடங்கும்; விட்டால் படக்கென்று சேர்ந்து நேராகும். மேல்துணியோ மழைக்கென்றே நெய்தது, முந்தானையைவிட லேசு. பழைய குடையின் தலையை எடுத்து, அதில் அந்தக் குழாய்களைக் கம்பிகளாகக் கட்டினேன். துணியை நானே தைத்தேன். காம்பை நிறுத்த, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார், அதில் ஒரு சின்னப் பை. இடுப்புப் பக்கம் ஒரு கயிறு: இழுத்து மாட்டினால் குடை விரியும், அவிழ்த்தால் தொங்கிவிடும். துண்டுகள் மறுபடி மடங்கிவிடுமோ என்று பயந்து, ஒவ்வொரு மூட்டிலும் இறுக்கமாக டேப் சுற்றினேன். என் குடை காற்றுக்கு வளைந்து கொடுக்காது என்று அவரிடம் சவால் வேறு விட்டேன்.

அப்புறம் சோதனை. அவர் மொட்டை மாடியில் பூவாளியோடு நின்றார். நான் கீழே குடையை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குப் பதிலாக ஒரு முட்டைக்கோஸ் மூட்டையைத் தோளில் தொங்கவிட்டு நடந்தேன். பூவாளி பூவாளியாக ஊற்றினார். ஒரு சொட்டு என்மேல் விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தக் குடையும் நாலைந்து கேரட் கனம்கூட இல்லை.

குன்னூர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்கள் ஊரில் மழை மேலிருந்து வரும். ஐப்பசியில் மணிக்கணக்காகக் கொட்டினாலும் ஒழுங்காகத் தலைமேல்தான் கொட்டும். அதனால்தான் அவரை மாடியில் நிறுத்தினேன். வேறு எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை.

திங்கள்கிழமை நாடுகாணியில் பஸ்ஸைவிட்டு இறங்கிக் குடையை விரித்தேன். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

“சேச்சி, இவிடத்தெ மழைக்கு அது போரா கேட்டோ” என்றார். இங்கத்து மழைக்கு இது போதாது என்கிறார்.

“பார்க்கலாங்க” என்று நடந்தேன்.

முதல் வளைவு வரைகூடப் போகவில்லை. அங்கே மழை கேரளப் பள்ளத்திலிருந்து காற்றின் முதுகில் ஏறி வருகிறது. கீழேயிருந்து வருகிறது! முழங்காலை நனைத்து, குடைக்குள் புகுந்து, அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தது. தோள்வாரோடு நானும் அரைச் சுற்றுச் சுற்றினேன். என்னையறியாமல் வலது கை போய்க் காம்பைப் பிடித்தது. மணிக்கட்டில் சுரீரென்றது. கம்பிகள் ஒவ்வொன்றாக முறிந்தன. டீக்கடைக்கே திரும்பி வந்து, நனைந்த கோழிபோல நின்றேன். அவர் டீயைப் போட்டு நீட்டினார்.

டீயைக் குடித்துக்கொண்டே கந்தலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கம்பி மட்டும் முழுசாக இருந்தது. அதன் மூட்டில் டேப் நனைந்து பிரிந்திருந்தது. காற்று இழுத்தபோது அது மட்டும் மடங்கிக் கொடுத்து, விட்டதும் எலாஸ்டிக்கில் திரும்பி வந்திருக்கிறது. விறைத்து நின்றவை எல்லாம் போய்விட்டன. டென்டுக்காரன் யோசித்து வைத்திருந்ததை நான் டேப் போட்டுக் கெடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்க வேண்டிய இடத்தில் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. டீக்கடைக்காரரிடம், “இந்த மழைக்குப் போதுங்க. கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனி, ஞாயிறில் இரண்டாவது குடை. ஒரு மூட்டில்கூட டேப் இல்லை. காம்பைத் தோளிலிருந்து இறக்கினேன். கணவர் ஷெட்டில் கிடந்த பழைய ஜீப் சீட் பெல்ட்டை வெட்டி இடுப்புப் பட்டையாக்கி, முதுகுப் பக்கம் காம்புக்கு ஓர் உறை தைத்தேன். காற்று இழுத்தால் இடுப்பு தாங்கட்டும். என் இடுப்பில் பிளேட் எதுவும் இல்லை. வட்டமாக இருந்த துணியை முன்பக்கம் நெஞ்சு வரைக்கும் நீட்டித் தைத்தேன்.

இந்த முறை பூவாளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே ஜீப்பில் என்னைக் கொண்டுவிடக் கிளம்பினார். பைக்காரா தாண்டி நடுவட்டம் வளைவில், பள்ளத்திலிருந்து காற்று ஏறிவரும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். குடையை மாட்டிக்கொண்டு தடுப்புச் சுவர் ஓரம் போய் நின்றேன். கைகள் இரண்டையும் கட்டிக்கொண்டேன், வலது கை மறுபடி ஓடிப்போய்ப் பிடிக்காமல் இருக்க.

“பறந்து போயிட்டா நான் உங்க அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?” என்று ஜீப்புக்குள்ளிருந்து கத்தினார்.

காற்று வந்தது. தொட்டாச்சிணுங்கி இலைபோலக் குடை சட்டென்று ஒடுங்கி என் தலைமேல் கவிழ்ந்தது. முகத்தில் ஒரு வீச்சு மழை அடித்தது. காற்று தணிந்ததும் படக் படக்கென்று கம்பிகள் சேர்ந்து, குடை தானாக விரிந்தது. மறுபடி காற்று, மறுபடி ஒடுங்கல், மறுபடி விரிதல். அவர் ஜீப்பைவிட்டு இறங்கியே வந்துவிட்டார். “இது என்ன அம்மணி, உயிர் இருக்கற மாதிரி மூச்சு விடுது!” என்றார். முகம் நனைகிறதே என்றார் அப்புறம். நனையட்டும், முகத்தால் நான் ஊசி போடுவதில்லை.

மேல் லைன் புதன்கிழமை வந்தது. ஆடிக் காற்று பேயாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. காலையிலேயே டாக்டர் போனில் கூப்பிட்டு, “சிஸ்டர், இன்னைக்குப் பார்த்துப் போங்க. லெட்டரை நான் இன்னும் அனுப்பலை” என்றார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். பெட்டி இடது தோளில், இடது கை செடியில். வலது கையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன். பாதி வழியில் குடை எத்தனையோ முறை தலையில் கவிழ்ந்தது, எத்தனையோ முறை எழுந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வலது கை பைக்குள் சூடாக இருந்தது.

காப்பக வாசலில் இடது கையால் கயிற்றை அவிழ்த்தேன். குடை தொங்கியது. உள்ளே வரிசையில் முதலில் அந்த இளம் தாயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தவணை. குழந்தை நன்றாகத் தேறியிருந்தது. அவள் குழந்தையை மடியில் போட்டுக் காலைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் என் வலது கையில் இருந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அங்கேதான் பார்ப்பேன்.

மருந்தை ஏற்றி ஊசியைத் தூக்கினேன். அவள் பார்க்கட்டும் என்று, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்தேன். முனை அசையவில்லை. எனக்கே கண் கலங்கியது, கை கலங்கவில்லை.

அவள் என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். குனிந்து குழந்தையின் காதருகே, “ஒண்ணுமில்லடா தங்கம், நம்ம நர்சம்மாதான்” என்றாள்.

ஊசி இறங்கியது. குழந்தை லைன் முழுக்கக் கேட்க வீறிட்டது. அந்த ஆபீஸ் நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கும்படி டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.