கிரேடர் என்று எழுதிக் கொடுங்கள்

குனிந்து இயந்திரத்தின் வயிற்றுக்கு அடியில் பார்க்கிறார். எண்ணெய் சொட்டிய தடம் இல்லை. ஆறு சக்கரங்களுக்கும் குதிகாலால் ஒவ்வோர் உதை. ஏணிப்படியில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டி எறிகிறார். கண்ணாடியைத் துடைத்த துணியை நான்காக மடித்துக் கால்சட்டையின் ஆறு பைகளில் மூன்றாவதில் வைக்கிறார். மற்ற ஐந்தில் ஸ்பேனர், டார்ச், தைலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. தையல்காரரான கணவர் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த கால்சட்டை அது.

இதற்கெல்லாம் பத்து நிமிடம் ஆகும். "நேரமாகுதுக்கா!" என்று எவனாவது குரல் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமலே பதில் வரும். "உன் பொண்டாட்டி மூஞ்சியை ஒரு நாளாவது இவ்வளவு நேரம் பாத்திருப்பியா நீ? அதான் தினம் வீட்ல பஞ்சாயத்து."

சாலை போடும் வேலைத்தளத்தில் அவர் ரோலர் அக்கா. ரோலரை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

ஜல்லி சுமக்க வந்தவர். ரோலர்காரன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில், "நான் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டு ஏறி, ஒன்பது வருடம் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். கொட்டிய மண்ணை அதிர்ந்து அதிர்ந்து அமுக்குவது ரோலரின் வேலை. அந்த அதிர்வு மண்ணுக்குள் பாதி போனால் மீதி ஓட்டுகிறவரின் முதுகெலும்புக்குப் போகும். மாலையில் வீடு திரும்பிய பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். "டீயில சர்க்கரை கலக்க எனக்கு ஸ்பூனே வேண்டாம்" என்று சொல்லித் தானே முதலில் சிரிப்பார்.

இந்தத் தொழிலில் சம்பளம் ஆளைப் பார்ப்பதில்லை, இயந்திரத்தைப் பார்க்கிறது. ரோலருக்கு ஒரு பங்கு என்றால் மண் அள்ளும் எக்ஸ்கவேட்டருக்கு ஒன்றே முக்கால், கிரேடருக்கு இரண்டரை. கிரேடர் என்பது நீண்ட உடம்பும் வயிற்றடியில் அகலமான இரும்புத் தகடுமாகப் போகும் வண்டி. பாதையைச் சீவிச் சீவிச் சரிவு சரியாக வரும்வரை மட்டம் செய்யும். தகடு ஒரு விரற்கடை இறங்கினாலும் மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓடாமல் நடுச்சாலையில் குளம் கட்டும். அதனால் நல்ல கிரேடர்காரருக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு. "ரோலர்ல என்ன இருக்கு? முன்னால போ, பின்னால வா" என்பார்கள் மற்றவர்கள். அக்கா மறுத்துப் பேசியதில்லை.

ஒரு நாள் சோதனைக்காக ஒரு புது ரோலர் வந்தது. அதன் இருக்கையில் ஆள் இல்லை. ஓரமாக நின்ற ஒருவர் கையிலிருந்த திரையைத் தொட்டதும் அது தானே போய்த் தானே திரும்பியது. "ஒரு மழைக்குத் தாங்காது", "கல்லு தட்டினா குப்புறப் படுத்துக்கும்" என்று சுற்றி நின்றவர்கள் கிண்டலடித்தார்கள். அக்கா மட்டும் மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி வாய்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னார். "நல்லாத்தாங்க ஓடுது. என்னைவிட நேரா ஓடுது. அதான் பிரச்சினையே."

மறுநாளே கிரேடர்காரனிடம் போனார். அவனுக்கு இருபத்தெட்டு வயது. சாப்பிட்டதும் அரை மணி நேரம் மரத்தடியில் கட்டையைச் சாய்க்காவிட்டால் அவனுக்குப் பொழுது போகாது.

"தம்பி, நீ தூங்குற நேரத்துல நான் அதுல உக்காந்து பழகிக்கட்டுமா?"

"தாராளமா உக்காருங்கக்கா. என்னை எழுப்பாம இருந்தா போதும்."

அவன் தூங்க, இவர் பழகினார். தளத்தின் பின்புறம் வேண்டாத மண் குவிந்துகிடந்த இடத்தில் தினமும் அரை மணி நேரம். பிறகு லீவு போட்டுப் பயிற்சி மையத்தில் தேர்வுக்குப் போனார். முதல் தடவை தகட்டின் முனை மண்ணுக்குள் இறங்கி, தேர்வாளரின் காலடிவரை ஓர் உழவு உழுதுவிட்டது. "'விதை கொண்டாந்திருக்கீங்களாம்மா?'ன்னு கேட்டாரு அந்த மனுஷன். பூமி பிளந்து உள்ள போயிட மாட்டோமான்னு இருந்துச்சு. அதான் ஏற்கெனவே பிளந்து வச்சிருந்தேனே!" ஐந்து மாதம் கழித்து மறுபடி போய்த் தேறினார். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மூன்று மடங்கு சம்பளத்துக்கு வெளிநாட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கிரேடர்காரன் ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனான். திங்கட்கிழமை காலை வேலை நின்றது. மேனேஜர் இரண்டு காதிலும் போனை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா போய் அவர் மேஜைமேல் சான்றிதழை வைத்தார்.

"நான் ஓட்டுறேன் சார்."

மேனேஜர் முன்னும் பின்னும் புரட்டினார். "இது எப்பம்மா நடந்துச்சு?"

"நீங்க கவனிக்காதப்ப."

முந்நூறு மீட்டர் கொடுத்தார்கள். சர்வேயர் கருவியோடு பின்னாலேயே வந்து முப்பது இடங்களில் மட்டம் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "வளைவுல ரெண்டு இடம் தூக்கியிருக்கு, தெரியும். இருங்க, இன்னொரு நடை போயிட்டு வரேன்." போய் வந்தார். முப்பதும் சரியாக இருந்தது.

"நாளையிலேர்ந்து நீயே ஓட்டு" என்றார் மேனேஜர் மகிழ்ச்சியோடு. "பழகுற வரைக்கும் ரோலர் சம்பளம்."

"பழகிட்டுத்தானே சார் வந்திருக்கேன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, கிரேடர் சம்பளமே வாங்கிக்கோ. மிச்சத்தைச் சிறப்புப் படின்னு போட்டுடறேன். பதவி மட்டும் ரோலர் ஆபரேட்டர்னே இருக்கட்டும். அதை மாத்தணும்னா தலைமை ஆபீஸ்ல பத்துக் கையெழுத்து வாங்கணும்."

அக்கா சாவியை மேஜைமேல் வைத்தார். "அப்ப நான் ரோலரே ஓட்டுறேன் சார்."

ஆனால் கிரேடர் முன்னால் போனால்தான் ரோலருக்குப் பின்னால் வேலை. அன்று மீதிப் பொழுதும், மறுநாளும், அசையாத ரோலர்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். வெளியிலிருந்து ஆள் தேடிய மேனேஜருக்கு ஒருவன் அடுத்த மாதம் வருகிறேன் என்றான். இன்னொருவன் கேட்ட சம்பளத்தைக் கேட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

வீட்டில் கணவருக்குப் பொறுக்கவில்லை. "முழுச் சம்பளம் தரேங்கிறான். பேர்ல என்ன இருக்கு? வீம்பு பிடிச்சு, வர்ற காலணாவையும் விட்டுடாதே."

"சம்பளம் இந்த வேலையோட முடிஞ்சுடுங்க. அடுத்த தளத்துல போய் நின்னா, 'ஒன்பது வருஷம் ரோலர்தானே?'ம்பான். ரோலருக்கு அப்ப ஆளே வேண்டாம். படின்னு போட்ட காசா வந்து எனக்குச் சாட்சி சொல்லும்?" அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இருபது வருஷமாச் சட்டை தைக்கிறீங்க. கடைக்காரன் அவன் லேபிளை ஒட்டி விக்கிறான். தைச்சது நீங்கன்னு எவனுக்குத் தெரியும்?"

தையல் இயந்திரம் நின்றது. சொல்லியிருக்கக் கூடாது என்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. கணவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மறுபடி ஊசியில் கோத்து, மிதிக்கத் தொடங்கினார்.

காலையில் சாப்பாட்டுப் பையை அவரே எடுத்து வந்து கையில் கொடுத்தார். "எழுதிக் கொடுக்கிற வரைக்கும் அந்த வண்டியில ஏறாதே" என்றார்.

மேலும் இரண்டு நாள் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை காலை மேனேஜரே ரோலரைத் தேடி நடந்து வந்தார். கையில் கடிதம். பதவி: கிரேடர் ஆபரேட்டர். அக்கா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேதி இன்னிக்குப் போட்டிருக்கீங்களே சார். நான் ஓட்டிக் காட்டினது திங்கட்கிழமை."

மேனேஜர் பேனாவை எடுத்தார்.

சென்ற வாரம் இந்தக் குழு வேறொரு தளத்துக்கு மாறியது. அங்கே புதிய இன்ஜினியர், வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிரேடரின் முன்னால் வந்து நின்றார். சக்கரத்தருகே குனிந்திருந்த அக்காவைப் பார்த்து, "ஏம்மா, இந்த வண்டி ஆபரேட்டர் எங்கே? சீக்கிரம் வரச் சொல்லு" என்றார்.

அக்கா நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். ஏணியில் ஏறி, இருக்கையை இரண்டு பல் முன்னுக்கு இழுத்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இயந்திரத்தை உயிர்ப்பித்தார். பிறகு, முன்னால் நிற்கிறவர் விலகுவதற்காக, ஒரே ஒரு முறை ஹாரனை அழுத்தினார்.