ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் ‘தடுப்பூசி’ என்று பட்டப்பெயர். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போகும் இடமெல்லாம் வைரஸ் தடுப்பைப் போடாமல் திரும்பமாட்டார். “கண்ட பென்டிரைவையும் செருகாதீங்க. நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழட்டி வச்சிடுங்க” என்று போவோர் வருவோருக்கெல்லாம் வகுப்பெடுப்பார். கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். அதற்குமுன் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், பின்னால் அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்.

அத்தான் ஜன்னல்களைப் போர்வையால் அடைத்துவிட்டுப் பதிவைத் தொடங்கினார். பாதியில் வைரஸ் தடுப்பு தானாகச் சோதனையை ஆரம்பிக்கும். உடனே கம்ப்யூட்டரின் விசிறி இரையும். அந்த இரைச்சல் அவள் குரலில் கலந்துவிடும். திரும்பத் திரும்பப் படிக்க அவளுக்குத் தெம்பில்லை. அதனால் தடுப்பை நிறுத்திவைத்தார் இந்த மகானுபாவர்.

பதிவு முடிந்த மறுநாளே ஆபரேஷன். குரல் செய்துதரும் நிறுவனத்துக்குச் சரிபார்த்து அனுப்பலாம் என்று பதிவுகளை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில் தடுப்பைத் திரும்பப் போடவில்லை. பதிவுகளை நகலெடுத்த டிஸ்க்கையும் கழற்றவில்லை. நான்காம் நாள், வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவை அதே கம்ப்யூட்டரில் செருகினார்.

கால்மணி நேரத்தில் எல்லாக் கோப்புகளும் பூட்டிக்கொண்டன, நகலும் சேர்த்து. திறக்கப் பணம் கேட்டு ஓர் அறிவிப்பு வந்தது. கேட்டதைத் தருகிறேன் என்று மெயில் அனுப்பினார். அப்படியொரு முகவரியே இல்லை என்று அது திரும்பி வந்தது. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கெஞ்சினார். யாராலும் திறக்க முடியவில்லை. அவரை நாலு அறை விடலாம் போல எனக்கு ஆத்திரம். சாப்பிடாமல் திரைமுன் கிடந்தவரைப் பார்த்தால் அழுகைதான் வந்தது.

அக்கா வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதி நீட்டினாள்: ‘என் குரலைப் போடுங்க.’

“இன்னும் ரெண்டு நாள் ஆகும்மா.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இருபது வருடம் குடும்பம் நடத்தியவளிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. ‘போயிடுச்சா?’ என்று எழுதினாள்.

“எல்லாம் போயிடுச்சு. தடுப்பை நான்தான் நிறுத்தினேன். திரும்பப் போடலை.”

அக்கா நோட்டை வைத்துவிட்டு, பழக்கத்தில் வாயைத் திறந்து அவரைத் திட்ட ஆரம்பித்தாள். உதடுகள்தான் அசைந்தன. அத்தான் குனிந்து, ஒரு வார்த்தையாவது கேட்காதா என்று அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டார்.