அக்கா படிக்கிற சூனியப் புத்தகங்கள்

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஓரகத்திகள் எலியும் பூனையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதிவைத்தார்களோ தெரியாது. நாங்கள் ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே இடத்தில் வேலை பார்த்து, இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறோம். எங்களுக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு எல்லாம் அங்கேதான் வரும்.

அக்கா சூனியப் புத்தகம் படிப்பாள். ஒன்று இரண்டு அல்ல, கிடைத்ததையெல்லாம். எங்கள் தெரு நூலகத்தில் ஒரே ஒரு மின்விசிறிதான் ஓடும். அதற்கு நேர் கீழே இருந்த அலமாரியில் மந்திரம், வசியம், பில்லி, தாயத்து பற்றிய புத்தகங்கள் யாரும் தொடாமல் கிடந்தன. காற்றுக்காக அங்கே போய் நின்றவள் ஒன்றைப் புரட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு குளிர்காலத்திலும் அங்கேயே போய் நின்றாள்.

நம்பிக்கையா? மருந்துக்குக்கூடக் கிடையாது. அக்கா பயப்படுவது கரப்பான்பூச்சிக்கு மட்டும்தான். "இவங்க செஞ்சது ஒண்ணுகூடப் பலிக்கலடி. ஆனா பலிக்கும்னு நம்பி எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பாட்டிலில் குண்டூசியும் ஆணியும் போட்டு அடுப்படியில் புதைத்தவர்கள், சுவருக்குள் பழைய செருப்பை வைத்துப் பூசியவர்கள் எல்லாரும் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அவர்களைப் பற்றிப் பாசமாகத்தான் பேசுவாள்.

பேசுவதற்கு அவளுக்கு இருந்தது மடிக்கிற மேஜை ஒன்றுதான். விரிப்பை ஒற்றை ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கிட்டே வரும்போது அக்கா ஒரு வரி சொல்வாள். விலகும்போது நான் "அப்புறம்?" என்பேன். அடுத்த மேஜைக்காரிகளும் காதைத் தீட்டிக்கொண்டு மடிப்பார்கள். காலையில் கைப்பையை மாட்டும்போதே ஒருத்தி கேட்டுவிடுவாள்: "என்னக்கா, இப்ப என்ன புத்தகம் ஓடுது?" அந்தக் கேள்விக்காகத்தான் அக்கா வேலைக்கு வந்தாள் என்பேன். வீட்டில் அவள் புருஷன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அக்கா வாயைத் திறந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவார். மகன் காதில் எந்நேரமும் எதையாவது செருகியிருப்பான். அந்த மேஜையும் போய்விட்டால் அக்கா யாரிடம் போய்ப் பேசுவாள்? சுவரிடமா?

அந்த மேஜைக்குத்தான் ஆபத்து வந்தது, புது சூப்பர்வைசர் உருவத்தில். யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்பார். நாங்களும் அவருக்கு 'உஷ் சார்' என்றே பேர் வைத்துவிட்டோம். வந்த வாரமே அக்காவைப் பார்த்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "இது சலவைக்கூடமா, கதை மண்டபமா? இந்த மாசத்தோட உங்க கணக்கை முடிச்சிடுவேன்." அக்காவின் முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே நாலாக மடித்து அடுக்கியிருப்பேன்.

ஆனாலும் அக்கா விடவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்தது முடிச்சு மந்திரம் பற்றி. அந்தக் காலத்து மாலுமிகள் சூனியக்காரிகளிடம் போய்க் கயிற்றில் காற்றை முடிந்து வாங்குவார்களாம். முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று, அடுத்ததில் பலத்த காற்று, கடைசி முடிச்சில் புயல். உஷ் சார் கதவுக்குப் பின்னால் நின்று அத்தனையையும் கேட்டிருக்கிறார். கதை கேட்கக் கூடாது என்கிறவர்தான் எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகக் கேட்டவர்.

எங்கள் சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளுத்த பிறகும் கறை போகாத துணியின் முனையில் ஒரு முடிச்சு போட்டுத் திருப்பி அனுப்புவோம். மறுபடியும் போகவில்லையா, இன்னொரு முடிச்சு. முடிச்சைப் பார்த்துத்தான் மெஷின்காரர் சலவை மருந்தைக் கூட்டுவார். இது அங்கே எல்லாருக்கும் தெரியும், புதிதாக வந்த உஷ் சாரைத் தவிர. அவருடைய வெள்ளைக் கோட்டில் மை கொட்டியிருந்தது. பின்பக்கத்து இடுப்பு நாடாவில் அக்கா ஒரு முடிச்சு போட்டாள். மை போகவில்லை. இன்னொன்று போட்டாள். அதற்கும் அசையவில்லை, மேலும் ஒன்று. "என் கோட் எங்கே?" என்று அவர் குதித்த குதியில், இஸ்திரி போடுகிறவள் முடிச்சை அவிழ்க்காமலே தேய்த்துக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கே உஷ் சாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து துணி மூட்டையைத் தூக்கியவர் நிமிரவில்லை. வலிக்கிற இடத்தைத் தடவிய கையில் அந்த முடிச்சுகள் தட்டுப்பட்டன. பேயறைந்தவர் போல நின்றார்.

அதன் பிறகு அக்காவைப் பார்த்து ஒரு 'உஷ்' கிடையாது. "டீ குடிச்சீங்களாம்மா?" என்றுகூட ஒரு நாள் கேட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. "அக்கா, நீங்க பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு இருங்க. அவர் பயப்படற வரைக்கும் உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் துணி உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் உஷ் சார் அக்காவை மறித்தார். கையில் அந்தக் கோட்டு. நானும் கூட இருந்தேன்.

"எனக்குத் தூக்கமே இல்லம்மா. படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. தயவுசெஞ்சு அவிழ்த்துடுங்க."

"சார், இது கறைக்குப் போட்ட முடிச்சு. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

"யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்றாங்க. எல்லாருக்கும் உங்க மேல பயம்."

அந்த மனுஷன் கண் கலங்கி நின்றார். நான் பின்னாலிருந்து அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கேட்டால்தானே? கோட்டை வாங்கி, நகத்தால் நெம்பி, எல்லா முடிச்சையும் அவர் கண் முன்னாலேயே அவிழ்த்தாள். நாடாவை நீவிவிட்டுக் கொடுத்தாள்.

இடுப்பு சரியாகிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் இருந்தது, ஆனால் அது யாருக்கு ஞாபகம்? இடுப்போடு சேர்ந்து பயமும் போய்விட்டது. மாதம் முடிந்ததும் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

"அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்று வீட்டில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். அக்கா அமைதியாகச் சொன்னாள்: "பயம் போனா என்ன செய்வார்னு எனக்குத் தெரியாதா? தூங்காம ஒரு ஆளு எதிர்ல வந்து நிக்கும்போது, நான் எப்படி விரிப்பு மடிக்கிறது?"

எனக்குப் புது ஜோடியாக ஒரு பெண் வந்தாள். நன்றாகத்தான் மடித்தாள். கிட்டே வந்தாள், விலகினாள், அவ்வளவுதான். வீட்டிலோ அக்கா நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, வெறுமனே உட்கார்ந்திருந்தாள். "படிச்சு யார்கிட்டடி சொல்லப் போறேன்?" என்றாள்.

ஒரு நாள் உஷ் சார் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க அக்கா இப்ப என்ன படிக்கிறாங்க?"

இருந்த கோபத்தில் உள்ளதைச் சொன்னேன். "ஒண்ணும் படிக்கல சார். புத்தகமெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஒண்ணுமே இல்லையா?" அவர் குரல் இறங்கிப்போனது. "அப்ப... எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்களா?"

அவரது கை தானாக இடுப்புக்குப் போனது. மறுநாளே அக்காவைக் கூட்டிவரச் சொன்னார்.

அக்கா வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? நாற்காலியில்கூட உட்காராமல் நேருக்கு நேராகச் சொன்னாள்: "சார், வேலையில சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு எந்த மந்திரமும் தெரியாது. புத்தகம் படிப்பேன், படிச்சதை இவங்ககிட்ட சொல்லுவேன். அவ்வளவுதான். இதுக்கு அப்புறமும் வேலை உண்டுன்னா சேர்றேன்."

உஷ் சார் எழுந்து நின்றுவிட்டார். "உண்டும்மா, உண்டு. நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். நாளையிலேர்ந்து வந்துடுங்க. மேஜையில எவ்வளவு வேணும்னாலும் பேசிக்குங்க."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"வேலைதான் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்னக்கா?"

"கிடைச்சிடுச்சுடி. ஆனா நான் சொல்றதை ஒருத்தருமே நம்ப மாட்டேங்கறாங்களே. நீ கூடவே இருக்கியே, நீயாவது நம்பறியா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? அந்த ஆளு மாதிரி நானும் மடச்சியா? சத்தியமா நம்பறேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மனசு லேசாகிவிட்டது போலிருந்தது. அந்தச் சமயம் பார்த்து எனக்கு என் சின்ன மகள் ஞாபகம் வந்தது. எந்த மருந்துக்கும் மசியாத இருமல், பாவம், ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு நிமிஷம் மாடிக்கு வந்து, சின்னவ நெஞ்சுல கையை வெச்சுட்டுப் போங்களேன்" என்றேன்.