ஆலிஸ் அக்காவுக்குத் தர வேண்டிய பாட்டு

பீம்ராவ் எங்கிருந்து கிளம்பினாலும் 'வரேன்' என்று சொல்ல மாட்டான். டீக்கடையோ கல்யாண வீடோ, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவான். கல்லூரியில் அதைத் திமிர் என்றார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே சாவு வீடுகளில் கானா பாடுகிறவன் அவன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது அப்படியே உடம்பில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தெருமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வண்டி போடும் ஆலிஸ் அக்கா மட்டும் விட மாட்டாள். நூடுல்ஸைக் கையால் பிசைந்துகொண்டே கத்துவாள்.

"டேய் பீமு, சொல்லிகினு போடா. நான் இன்னும் சாவல."

பாடப் போகும்போது அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான் போடுவான். போனவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை, எந்தக் கடையில் டீ என்று வீட்டாரிடம் விசாரித்து, அங்கேயே பாட்டுக் கட்டுவான். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. உயிரோடு இருப்பவர் பெயரை அந்தப் பாட்டில் வைக்க மாட்டான்.

பி.காம் முடித்ததும் அம்மா ராஜாத்தி மணலியில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி வைத்தாள்.

"திங்கக்கெழம ஹெல்மெட்டு மாட்டிகினு போய் நிக்கற. இல்லேன்னா, பாட்டுக்கு மாசச் சம்பளம் குடுக்குற எடம் எங்க கீதுன்னு காட்டு."

நம் வீட்டில் முதல் பட்டதாரி நீ என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அந்த வாரம் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் 'நிகழ்த்துகலைஞர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டி முகாம்' நடந்தது. வழிகாட்டியவர் வெள்ளத்துரை. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்றதோடு மேடையை விட்டவர். அதற்குப் பிறகு மேடையில் இருப்பவர்களுக்கு வழி காட்டுகிறார். எங்கே வேலை இருக்கிறது என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். மதிய சாப்பாட்டுக்கு முன் பீம்ராவை எழுப்பி நிற்க வைத்தார்.

"உங்க கிளையண்ட்ஸ் யாரு தம்பி?"

"இறந்தவங்க சார்."

"ஒருமுறை வந்தவங்களைத் திரும்ப வர வைக்கணும். அதுதான் தொழில் ரகசியம்."

"திரும்ப வந்தா பேஜாராய்டும் சார்."

மண்டபம் சிரித்தது. வெள்ளத்துரை சிரிக்கவில்லை. "எதிர்மறை எண்ணம்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார். ஆனால் அங்கேதான் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சொகுசு விடுதி; சனிக்கிழமைதோறும் 'வடசென்னை இரவு'; பாட ஆள் வேண்டும், மாதச் சம்பளம். பாட்டை ஏற்கெனவே கேட்ட ஒருவர் போனில் சிபாரிசு சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

அவன் பாட்டைக் கேட்டவர்களில் முக்கியமானவர்கள் யாரும் போனை எடுக்கும் நிலையில் இல்லை. ஆலிஸ் அக்காவிடம் போனான்.

"சொல்றேன். ஆனா நான் செத்தா இன்னா பாடுவியோ, அத்த இப்பவே பாடிக் காட்டு. அன்னிக்கு ஊரே கேக்கும், நான் மட்டும் கேக்க முடியாது. இன்னாடா நியாயம் இது?"

"உசுரோட கீறவங்கள வெச்சி பாட மாட்டேன்க்கா. தெரியும்ல."

"சரி, கடன்னு வெச்சிக்க. எப்பனா மனசு வந்தா குடு."

விடுதியின் கலைப் பிரிவுத் தலைவி மாயா அவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே ஆலிஸுக்குப் போன் போட்டாள்.

"நிகழ்ச்சி முடிஞ்சதும் மக்கள் திருப்தியா போவாங்களா மேடம்?"

"அயுதுகினே போவாங்க."

"அருமை," என்று மாயா குறித்துக்கொண்டாள். பிறகு அவனைப் பார்த்தாள். "பாடுங்க. என் பேரையே வெச்சுப் பாடுங்க."

பீம்ராவ் கொண்டுவந்திருந்த டேப் மேளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதன் தோலைத் தடவினான். இறந்தவர் பெயர்தான் வைப்பது வழக்கம் என்றான். சும்மா ஒரு சாம்பிள்தானே என்றாள். நாளைக்கு ஞாயிறு. அதற்கடுத்த நாள் ஹெல்மெட். வழக்கம் என்பது யார் வைத்தது, பி.காம் படித்தவனுக்கு இந்த பயமெல்லாம் எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பதில் வருவதற்குள் கை தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பாட்டில் மாயா போய்ச் சேர்ந்தாள், காற்றோடு கலந்தாள், மாலை வாடியது. தன் சாவைக் கேட்டு மாயா எழுந்து நின்று கை தட்டினாள்.

வேலை கிடைத்தது. கூடவே ஒரு பயிற்சியாளரும் கிடைத்தார். கோயம்புத்தூர்க்காரர். வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பூப்போட்ட லுங்கியும் கழுத்தில் கர்ச்சீப்பும் கொடுத்தார். பீம்ராவ் 'இன்னா' சொல்வது இயல்பாக இல்லை என்று நாலு தடவை சொல்ல வைத்தார். விருந்தினர் எழுந்தால் நெஞ்சில் கை வைத்து, 'வரேன், மறுபடி சந்திப்போம்' என்று சொல்லவும் பழக்கினார். வெளியில் எங்கும் பாடக் கூடாது, சாவு வீட்டில் கூடவே கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விடுதியின் மரியாதை கெட்டுவிடுமாம்.

சனிக்கிழமைகளில் பிறந்தநாள் கொண்டாட வருபவர்கள் வரிசையில் நின்று தங்கள் பெயரைக் கொடுத்தார்கள். கேக் வெட்டியதும் பீம்ராவ் அவர்களைச் சாகடிப்பான். சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். யாருடைய டீக்கடையையும் அவன் விசாரிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

அப்படி ஒரு வீடியோ ஆலிஸ் அக்காவின் போனுக்கும் வந்தது. வண்டியருகே அவனை நிறுத்தினாள்.

"கேக் வெட்டுனாரே, அந்த ஆளு உசுரோடதான கீறாரு?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்குப் பாடு."

அவன் மறுக்கவில்லை. மறுக்க எதுவும் மிச்சமில்லை. வண்டிப் பலகையிலேயே தாளம் போட்டான். ஆலிஸ் என்று ஆரம்பித்தான். அவள் கையில் ஒட்டியிருந்த எண்ணெயும் பூண்டும், கோபம் வந்தால் முட்டையை ஓங்கி உடைப்பதும், தேர்வு நாட்களில் அவனுக்கு மட்டும் மொறுமொறு பேஜோ ஒன்று கூடுதலாக வைத்ததும் ஒன்றாக வந்து நின்றன. பெயரை மட்டும் மாற்றி இந்தப் பாட்டைப் பாட முடியாது. பெயரோடு பாட்டை நிறுத்திவிட்டான்.

ஆலிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். முட்டையை எடுத்து மெல்ல உடைத்தாள்.

"வுடு. இன்னொரு நாளு."

பீம்ராவ் பலகையிலிருந்து கையை எடுத்தான். கை தானாக நெஞ்சுக்குப் போனது. "வரேன்க்கா."

ஆலிஸ் பிசைவதை நிறுத்தினாள். இத்தனை வருஷம் சொல்லச் சொன்னதை அவன் சொல்லியும் அவள் முகம் மலரவில்லை.

"எவன்டா சொல்லிக் குடுத்தான் உனக்கு?"

இப்போதெல்லாம் பீம்ராவ் ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி, குடியிருப்பின் பின்பக்க வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். அந்தப் பக்கம் அத்தோ வண்டி கிடையாது.