எஸ்தர் டீச்சரின் முறையும் என் பீரோ கதவும்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் டீச்சரின் உடலைப் பார்க்க நான் பாதி மீசையோடுதான் போனேன். மீசை முழுசாகத்தான் இருந்தது, சாயம்தான் பாதி. இடப்பக்கம் கன்னங்கரேலென்று இருபத்தைந்து வயது, வலப்பக்கம் வெளேரென்று ஐம்பத்து மூன்று. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஸ்கூட்டரில் அப்படியே போயிருக்கிறேன். வழியில் தெரிந்தவர்கள் நாலு பேர் வணக்கம் வேறு சொன்னார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. வயிற்றுவலி என்று ஆபீசுக்குப் பொய் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்றிருந்தேன். சாயம் பூசச் சொன்னதே டீச்சர்தான். எங்கள் காம்பவுண்டில் அவர்களுடையதும் எங்களுடையதும் ஒட்டிய போர்ஷன்கள். முந்தின நாள் மாலை துணி எடுக்க வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை ஃபோட்டோ எடுப்பாங்க சார். அந்த மீசைய ஏதாவது பண்ணுங்க. கொடியில மறந்துபோன பழைய டவல் மாதிரி இருக்கு" என்றார். இடது பக்கம் முடித்துப் பிரஷ்ஷை வலப்பக்கம் கொண்டுபோனபோது போன் அடித்தது. திருமுடிவாக்கத்தில் டீச்சரின் பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓட்டும் சாந்தி.

"சார், டீச்சரம்மா டீ குடிச்சுகினு இருந்தாங்க சார். கிளாஸக்கூட கீய வெக்கல. அப்டியே சாஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு வந்துட்டோம். இல்லன்னு சொல்றாங்க சார். ஐயாவுக்கு நீங்கதான் சொல்லணும்."

ஐயா என்றால் ஞானராஜ், டீச்சரின் கணவர். அந்த நேரத்தில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பு வாசலில் என்னைக் கண்டதும் சாக்பீஸைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் முகத்திலிருந்தே எல்லாம் தெரிந்துகொண்டார் என்று நினைத்தேன். மீசையைப் பார்த்துத்தான் வைத்தாராம். பிறகு அவரே சொன்னார்.

டீச்சருக்கு ஐம்பத்தோரு வயது. இந்தச் சில வருஷங்களில் ஒரு தலைவலி மாத்திரை போட்டு நான் பார்த்ததில்லை. இதை டைப் அடிக்கும் இந்த நிமிஷம்கூட, சத்தம் தாங்காமல் பக்கத்துச் சுவரைக் கரண்டியால் தட்டுவார் என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரமாக யாரும் தட்டவில்லை. நான் வேண்டுமென்றே பலமாக அடித்துப் பார்க்கிறேன்.

நம் குடியிருப்போர் சங்க மலரைப் படிக்கும் பாதிப் பேருக்கு அவரைக் கணக்கு டீச்சராகத் தெரியும். உங்கள் பென்சில் டப்பாவிலிருந்து ரப்பரைப் பறிமுதல் செய்தவர் அவர்தான். "தப்பு வந்தா அழிக்காத. ஒரு கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல எழுது. நாளைக்கு உனக்கே தெரிய வேணாமா எங்க கோட்ட விட்டன்னு?" என்பார். அழிப்பது அவருக்குப் பிடிக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் குற்றம் வருகிறது.

அந்த வீட்டில் இரண்டு பேரும் தப்பான வேலையில் இருந்தார்கள். ஞானராஜ் குரோம்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஆசை முழுக்கக் கணக்கின் மேல். தபாலில் எம்.எஸ்ஸி. முடித்து வாத்தியாராக வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தைய கனவு. டீச்சருக்கு வகுப்பறை நன்றாக வரும், ஆனால் மனசெல்லாம் இயந்திரத்தில். பஸ்ஸிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டதால் அவரால் இடியாப்பம் பிழிய முடியாது. ஞாயிறு காலை கோயிலுக்குப் போகுமுன் ஞானராஜ் பனியனோடு உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பிழிவதை இந்தக் காம்பவுண்டே பார்த்திருக்கிறது. "ஒரு விரலால சுத்தினா மாவு இறங்கணும். அப்படி ஒரு அச்சு நானே செய்வேன், நானே விப்பேன்" என்று டீச்சர் சொன்னபோது, எண்பதுகளின் நடுவில், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் அதில் பெரிசு. அந்த வாரமே அதை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரையும் எழுதிவிட்டேன்.

இரண்டு கனவுக்கும் சம்பளத்தை விட வேண்டும். வீட்டில் ஒரு சம்பளமாவது வேண்டும். ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஒருவர் வேலையை விட்டோ லீவு போட்டோ முயன்று பார்க்கலாம், மற்றவர் வேலையை விடக் கூடாது. "ஒருத்தர் கிணத்துல இறங்கினா ஒருத்தர் கயிற புடிச்சுக்கணும். அவ்ளோதான்" என்பது டீச்சரின் விளக்கம். யார் முறை, எப்போது ஆரம்பம் என்று குறித்து வைக்கும் நடுவர் வேலை எனக்கு வந்தது. நியாயஸ்தன் என்பதால் வந்த பதவி என்று வெகுநாள் நினைத்தேன். நான் சிபாரிசு கேட்டால் வளைவேன், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக வளைவேன் என்பதால்தான் என்னைத் தேர்ந்தெடுத்ததாக என் மனைவி சொன்னாள். என் பீரோ கதவின் உட்புறம் பென்சிலால் எழுதி வைத்தேன்.

முதல் முறை ஞானராஜுக்கு. சம்பளமில்லாத லீவில் உட்கார்ந்து படித்தார், ஒரு பேப்பர் மட்டும் நின்றது. அடுத்தது டீச்சர். ஆரம்பித்த நாலாம் மாதம் மஞ்சள் காமாலை, பாதியில் நின்றது. அது முறையாகக் கணக்கா இல்லையா என்று ஒரு வழக்கு. அப்புறம் ஞானராஜுக்குக் கம்பெனியில் ஸ்டிரைக், அந்த மாதங்களைக் கழிப்பதா சேர்ப்பதா என்று இன்னொரு வழக்கு. எல்லாத் தீர்ப்பும் பீரோ கதவில் இருந்தது. தொண்ணூறுகள் பிறந்தும் கிணற்றில் இறங்கியவர் யாரும் தண்ணீரோடு ஏறி வரவில்லை.

இப்போது குற்றம். ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, போகியன்று பீரோவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். உற்சாகத்தில் உட்புறமும் அடித்துவிட்டேன். காய்ந்த பிறகுதான் நடுவர் தீர்ப்புகள் அத்தனையும் பெயிண்ட்டுக்கு அடியில் போனது உறைத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

காணும் பொங்கல் மாலை டீச்சர் வந்தார். டீச்சருக்குக் காரியம் இருந்தால் நான் அண்ணா, இல்லாவிட்டால் சார். அன்று வாசலிலேயே அண்ணா.

"அண்ணா, இப்ப யார் முறை? பாத்துச் சொல்லுங்க."

உள்ளே போனேன். பச்சைக் கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தேன். மூடிவிட்டு வெளியே வந்து, "உங்க முறைதான் டீச்சர்" என்றேன். எதிரில் நிற்பவர் முகம் மலர வேண்டும், அவ்வளவுதான் என் நியாயம்.

மறுநாள் காலை மின்ரயிலில் ஞானராஜ் என் பக்கத்தில் நின்றிருந்தார். தாம்பரத்தில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை, இறங்கிவிடுவார். வண்டி சானடோரியத்தை விட்டுக் கிளம்பியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், கதவுல இப்ப என் முறைதான இருக்கு?" என்றார். கூட்டத்தில் என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது என் வாய், "உங்களோடதுதான், சந்தேகமென்ன" என்றது. சாயங்காலம் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. இறங்கிப் போய் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் கரண்டி சுவரில் மூன்று தட்டு தட்டியது. போனேன். ஞானராஜ் நாற்காலியில் பேயறைந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். டீச்சர் தோசை திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவரும் வேலைய விட்டுட்டாரு, நானும் விட்டுட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் உங்க முறைன்னு சார்தான் சொல்லியிருக்காரு" என்றார் திரும்பாமலே.

பெயிண்ட் கதையைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அழிக்கக் கூடாதுன்னு எத்தன வருஷமாச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி ஒரு தோசையை என் பக்கம் தள்ளினார். பிறகு ஞானராஜைப் பார்த்து, "ரெண்டு பேரும் இறங்கியாச்சு. இனிமே கயிறு சார் கையில" என்றார். ஞானராஜ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சாபம் கலந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. என் பயத்தில் எதுவும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்த ஆறு வருஷம் நான் கயிறாக இருந்தேன். ஞாயிறுதோறும் என் ஸ்கூட்டர் பித்தளை வார்ப்புகளைச் சுமந்து திருமுடிவாக்கம் போனது. அங்கே ஒரு ஷெட்டின் பாதியை வாடகைக்குப் பிடித்து, பழைய லேத் ஒன்றை டீச்சரே பிரித்துப் பூட்டினார். புடவைக்கு மேல் ஞானராஜின் காக்கிச் சட்டை. அந்தத் தொழிற்பேட்டையில் அவரை முதலில் யாரோ முதலாளியின் கணக்குப்பிள்ளை என்றுதான் நினைத்தார்கள். ஒவ்வொரு மாதிரி அச்சிலும் பிழிந்த முதல் இடியாப்பம் எங்கள் வீட்டுக்கு வரும். முதல் வருஷம் மெஷின் ஆயில் வாசனை. இரண்டாம் வருஷம் சேமியா கனம். நாலாவது வருஷம் பல்சக்கரம் ஒன்று உடைந்து அதன் பல் என் தட்டில் வந்தது. சாப்பிட மாட்டேன் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஞானராஜ் டுடோரியலில் சேர்ந்தார். மாலையில் அந்த நின்றுபோன பேப்பருக்கு டீச்சரிடமே பாடம். சுவர் வழியாக எனக்கும் கொஞ்சம் உயர்கணிதம் வந்தது. ஒரு நாள் அவர் குரல், "போதும் எஸ்தர், எனக்கு இது வராது, விட்டுடறேன்" என்றது. பிறகு டீச்சர் குரல், மெதுவாக: "என் அச்சு முப்பத்தேழு தடவ உடைஞ்சிருக்கு. உங்க பேப்பர் ஆறு தடவதான். இன்னும் முப்பத்தொண்ணு பாக்கி இருக்கு, உக்காருங்க." சாக்பீஸ் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. நான் டைப்ரைட்டரை மூடி வைத்துவிட்டேன். அன்று எழுத உட்கார்ந்த நகைச்சுவை வரவில்லை.

போன மாதம் ஞானராஜின் மதிப்பெண் பட்டியல் வந்தது. பாஸ். அதே வாரம் டீச்சரின் அச்சு, ஒரு விரலால் சுற்றினால் மாவு இறங்கும் அச்சு, முதல் நூறு உருப்படி பெட்டியில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேருக்கு இடியாப்பமும் சொதியும் என்று ஏற்பாடு. அதற்குத்தான் ஃபோட்டோ, அதற்குத்தான் என் மீசை. வெள்ளிக்கிழமை மதியம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஹாலில் பெரிய டிரம் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நாற்பது பேருக்கான மாவு. அரைத்து, வறுத்து, ஆறவைத்து, மேலே அவர் கையெழுத்தில் 'தொடாதே' என்று ஒரு சீட்டு. நாங்கள் நாலு பேர் அதை நகர்த்தத் தயங்கி நின்றோம்.

அவரைக் கிடத்திய பிறகு ஞானராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சார், உங்க மீச" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அவ பாத்திருக்கணும் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு வேறாக மாறியது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்கு ஐம்பத்து மூன்று வயதிலும் தெரியவில்லை.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிறு காலை ஞானராஜ் அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாவு வீணாகக் கூடாது என்றார். பட்டறையிலிருந்து சாந்தியும் மற்றவர்களும் பத்து அச்சுகளோடு வந்தார்கள். வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு ஈடு பிழிந்தோம். என் முறை வந்தபோது ஆட்காட்டி விரலை மட்டும் வைத்துச் சுற்றினேன். மாவு நூல் நூலாகத் தட்டில் இறங்கியது. அன்றுதான் எனக்கு அவர் இல்லையென்பது புரிந்ததுபோல் இருந்தது. மறுநாள் மறுபடியும் புரியாமல் போயிற்று.

அந்தப் பத்தில் ஒரு அச்சு இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. மீசையை அப்படியே வெளுக்க விட்டுவிட்டேன், பழைய டவலாகவே இருக்கட்டும். அதற்கும் மேலாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குற்ற உணர்ச்சியை. பெருமையும் அதற்குள்ளேயே இருக்கிறது என்பதை மறைப்பானேன். நான் மட்டும் அன்று பெயிண்ட் அடிக்காமலும் பொய் சொல்லாமலும் இருந்திருந்தால் இருவரும் இன்னும் முறை பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்கள், எதுவும் நகர்ந்திருக்காது என்று ஆறு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். டீச்சர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. "ஆமா, எல்லாம் சாராலதான்" என்பார், ஞானராஜுக்குக் கேட்கும்படி.

இந்த அஞ்சலிக்காக டீச்சர் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று சரிபார்க்கக் கேட்டிருந்தேன். ஞானராஜ் நேற்று டீச்சருடைய ஃபைலை அப்படியே கொடுத்தார், அவர் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தின் நகல் அதில் இருக்கிறது. தலைமையாசிரியை பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் தேதி போட்டிருக்கிறார்: ஜனவரி எட்டு. நான் பீரோவுக்குப் பெயிண்ட் அடித்ததே அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான்.