கருவாட்டு லொறியில் தேயிலை

கண்டி மஹய்யாவையில் போய் லோரன்ஸ் வீடு எது என்று கேட்டால், எந்த லோரன்ஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். குட்ஷெட் லோரன்ஸ் என்று சொன்னால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விடுவார்கள். அப்பன் நகரசபையில் தெருக் கூட்டியவர். மகன் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்து, இங்கிலீஷில் எழுதிய சரக்குச் சீட்டைத் தட்டுத் தடுமாறாமல் வாசித்தான். அந்த லயத்து வரிசை வீடுகளில் அதற்கு முன்னால் யாரும் எதையும் வாசித்ததில்லை.

கலகெதர ஸெய்னுலாப்தீன் முதலாளி அவனைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தது அதற்காகத்தான். கலகெதரைக்கு ரயில் இல்லை. முதலாளியின் பலசரக்குக் கடைக்குக் கொழும்பிலிருந்து வரும் அரிசியும் மாவும் கருவாடும் கண்டி ரயில் நிலையத்துச் சரக்குக் கொட்டகையான குட்ஷெட்டில் இறங்கும். அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்து பாதை நெடுகப் போக வேண்டும். அதற்கு முதலாளியிடம் ஒரு லொறி இருந்தது. வாடகைக்கு அழகருடைய மாட்டு வண்டியும் இருந்தது. எந்தச் சரக்கு ரயில் வாகனில் என்ன வருகிறது, எது முதலில் கெட்டுப்போகும், கடையில் எது தீரப்போகிறது என்பதெல்லாம் லோரன்ஸின் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மழையில் பாதை உடைந்து மற்றக் கடைகள் கதவைச் சாத்திய கிழமையிலும் ஸெய்னுலாப்தீன் கடையில் அரிசி இருந்தது. வாங்க வந்தவர்கள் முதலாளியை வாயாரப் புகழ்ந்தார்கள். அரிசி தானாக நடந்து வந்ததாக அவர்களுக்கு நினைப்பு. லோரன்ஸுக்கு அது ஒரு மனத்தாங்கல்தான். யாராவது ஒருவர், ஒரே ஒரு தரமாவது, நீ இல்லாவிட்டால் இந்தக் கடை இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று இருக்கும்.

1931ஆம் ஆண்டு அவன் ஒரு காரியம் செய்தான். சரக்கை இறக்கிவிட்டு லொறி வெறுமனே கண்டிக்குத் திரும்புவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது. கலகெதரைக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் டீமேக்கர் இராமநாதன், யாழ்ப்பாணத்து மனிதர். அவரிடம் போய், திரும்புகிற லொறியில் உங்கள் பெட்டிகளைக் குட்ஷெட்டில் சேர்த்துவிடுகிறோம் என்று பேசி முடித்தான். டீமேக்கர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆகவே கருவாடு, மண்ணெண்ணெய் எதுவும் அந்த லொறியில் ஏறக்கூடாது. அதெல்லாம் அழகரின் வண்டியில் வரும் என்று லோரன்ஸ் வாக்குக் கொடுத்தான்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் வரவில்லை. லோரன்ஸ் கோட் ஒன்று தைத்துக்கொண்டான்.

1932 ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கருவாட்டு வாகன் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் விடியக் கலகெதரையில் சந்தை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாட்டு வண்டி ஏற்றம் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடும்.

"லொறியில ஏத்துங்க அண்ணே," என்றான் லோரன்ஸ்.

அழகர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார். "தம்பி, நாளைக்கு இதே லொறியிலதான தேயில வரணும்?"

"கழுவிட்டாப் போச்சு."

"கருவாட்டு வாட கழுவினாப் போற வாடயா? என் பொண்டாட்டியோட சட்டியக் கேட்டுப் பாருங்க, சொல்லும்."

ஏற்றுகிற ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் லோரன்ஸுக்குச் சுருக்கென்றது. "லொறியப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க மாட்டப் பாருங்க. அவ்வளவு அக்கறைன்னா கூடவே போய் நீங்களே கழுவி விடுங்க."

அழகர் போனார். சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினார். மழை விடவில்லை, பலகை காயவில்லை. மறுநாள் பின்னேரம் அந்த ஈரப் பலகையின் மேலேயே இருபத்திரண்டு பெட்டி தேயிலை ஏறியது. தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். சிக்கனம் பார்த்த தொழிற்சாலை, பெட்டிக்குள் வாடையைத் தடுக்கும் ஈயத்தாளுக்குப் பதிலாகக் கடதாசி ஒட்டியிருந்தது.

மூன்று கிழமை கழித்து இருபத்திரண்டு பெட்டியும் கொழும்பிலிருந்து திரும்பி வந்தன. அங்கே தேயிலையை ருசி பார்த்தவர் சீட்டில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: மீன் வாடை.

பெட்டிகளைத் திருப்பி ஒப்படைக்க லொறி தொழிற்சாலைக்குப் போயிற்று. முன் ஆசனத்தில் சீட்டோடு லோரன்ஸ், பின்னால் பெட்டிகளோடு அழகர். டீமேக்கர் வாசலிலேயே நின்றார். உள்ளே தேயிலை பொறுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ஆர் காணும் இந்த லொறி கழுவினது?"

லோரன்ஸ் இறங்கவில்லை. "அழகர்தாங்க," என்றான்.

பொய் இல்லை. கழுவியது அழகர்தான். ஏற்றச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லையே. கேட்காததற்கும் பதில் சொல்ல வேண்டுமா? லோரன்ஸ் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீமேக்கர் அழகரைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன மூக்கில்லையோ? மாட்டுக்குப் பின்னாலை திரிஞ்சு திரிஞ்சு மணமே மறந்து போச்சோ?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக் காட்டினாள். அழகர் ஒரே ஒரு தரம் முன் ஆசனத்தைப் பார்த்தார். பிறகு முதல் பெட்டியைத் தோளில் வாங்கினார்.

அந்தக் கிழமையே முதலாளி வேறு வண்டி பிடித்துக்கொண்டார். வண்டிக்கு வேறு வாடகை கிடைக்காமல் அழகர் குட்ஷெட்டில் தலைச்சுமை தூக்க வந்தார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது லோரன்ஸ். "எனக்கு எத்தன மூட்டைங்க ஐயா?" என்று அவர் வந்து நிற்பார். பத்து வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட வாய். அந்த ஐயாவில் குத்தல்கூட இல்லை. இருந்திருந்தால் லோரன்ஸ் எப்படியாவது கோபப்பட்டுத் தப்பித்திருப்பான்.

ஒரு மாதம் பொறுத்தான். ஒரு மத்தியானம் அழகர் மூட்டைகளுக்கு நடுவில் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தபோது எதிரில் போய்க் குந்தினான்.

"தப்பு என்னோடதுண்ணே. ஏத்தச் சொன்னது நான்."

அழகர் சோற்றைப் பிசைந்தார். "இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. மூட்டயோட அங்க நின்னது நான்தான? தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க." பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தி, "வெங்காயம் வேணுமாங்க ஐயா?" என்று கேட்டார்.

லோரன்ஸ் முதலாளியிடம் போய்ச் சொன்னான். ஸெய்னுலாப்தீன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் லோரன்ஸ். கருவாடு லொறியால எறங்கினத்த என்ட கண்ணால கண்டேனே."

"அப்ப ஏன் மொதலாளி அழகரண்ணன நிப்பாட்டினீங்க?"

"பின்ன ஆர நிப்பாட்றது? ஒங்கள அனுப்பினா மத்த கிழம கடையப் பூட்டணும். எந்த வாகன்ல என்ன வருதுண்டு இங்க ஆருக்குத் தெரியும்? அழகர அனுப்பினா ஒரு சோடி மாடு போகும், இன்னொரு சோடி மாடு வரும். யாவாரம் அப்பிடித்தான். போய் வேலயப் பாருங்க."

இத்தனை வருஷமாக எவர் வாயிலிருந்தாவது வர வேண்டும் என்று அவன் ஏங்கிய சொல் அது. வந்துவிட்டது. லோரன்ஸுக்கு முகம் தீயாக எரிந்தது. அவன் படித்த படிப்பு, மனப்பாடம் செய்த ரயில் நேரம், எல்லாம் சேர்ந்து அவனுக்கு ஒரு கேடயமாகி, அதன் மேல் பட்ட அடியெல்லாம் வழுக்கிப் போய் அழகர் மேல் விழுந்திருந்தது.

இனித் தெரியாதவர்கள் தொழிற்சாலையில்தான் இருந்தார்கள். சொன்னால் தேயிலை ஏற்றுகிற ஒப்பந்தம் போகும். அது போனால் முதலாளி அவனைச் சும்மா விடுவாரா என்பதும் சந்தேகம். லொறியைச் சந்தியில் நிறுத்தச் சொல்லிவிட்டு மலைப்பாதையில் நடந்தே ஏறினான்.

"அண்ணைக்குக் கருவாட்ட லொறியில ஏத்தச் சொன்னது நான்தாங்க டீமேக்கர் ஐயா. அழகர் வேணாம்னு தடுத்தாரு."

இராமநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அந்தாளை வாசலிலை வைச்சு ஏசேக்கை நீர் எங்கை நிண்டனீர்?"

"லொறியில இருந்தேங்க."

"எல்லாம் கேட்டுக்கொண்டு?"

"ஆமாங்க."

அவர் முகம் கறுத்தது. அது லோரன்ஸ் மேல் வந்த கோபம் மட்டும்தானா என்று சொல்ல முடியாது. ஏசிய வாய் அவருடையது. "இனி உங்கடை லொறி இந்தப் பக்கம் வரவேண்டாம். அந்த வண்டிக்காரனுக்கு நான் ஆள் அனுப்புறன். வந்தால் பாப்பம்." லோரன்ஸ் திரும்பி நடக்கப் போனான். "நில்லும் காணும். அண்டைக்குச் சிரிச்சவையள் உள்ளை இருக்கினம். அவையளுக்கு ஆர் சொல்லுறது?"

உள்ளே இன்றைக்குச் சலிக்கிற இயந்திரம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. தேயிலைத் தூசிக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லோரன்ஸ் நடுவில் போய் நின்று சொன்னான். ஒருவரும் நிமிரவில்லை. மூக்கைப் பொத்தியவள்தான் தலையைத் தூக்கி, "என்னாங்க? சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் வெளங்கல!" என்று கத்தினாள்.

லோரன்ஸ் இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு, இயந்திரத்தைவிட உரக்க, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.